லுங்கியும் லேத்தும்

1948இல் எழுதப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தில் உடையைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நெருங்கிச் சோதிக்கும் தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றது 22ஆவது பிரிவு. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பிடித்துத் தொழில் கற்ற டர்னர்களுக்கு இந்தப் பிரிவின் எண் தெரியாமல் இருக்கலாம். விஷயம் தெரியும். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டு, சட்டையை உள்ளே செருகிக்கொண்டுதான் மிஷினில் கை வைப்பார்கள்.

தொழிற்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது அயனம்பாக்கம். ஏரியைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்ட புறநகர். இங்கே ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷெட்டிலோ மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலோ சின்ன மரக்கடைசல் லேத்தை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரனுக்குப் பம்பரம், வீட்டுக்கு ஒரு பூரிக்கட்டை, மோர் கடைய மத்து, கை தேறிய பிறகு மரக் கிண்ணம். ஆறு நாளும் பேன்ட் போட்டு வேலை பார்த்தவர்தான். ஆனால் இது வீடு. இடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, மணிக்கட்டில் கோயில் கயிறு, கழுத்தில் செயின். பெண்கள் நின்றால் துப்பட்டா, முந்தானை, பின்னல். இந்த நேரத்தில் சூப்பர்வைசர் வர மாட்டார், ஃபேக்டரி இன்ஸ்பெக்டரும் வர மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ச் சாதாரண மோட்டார்கள் பலவும் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடுபவை. அதில் 5 செ.மீ. குறுக்களவுள்ள கட்டை சுழல்கிறது. லுங்கி நுனி ஒன்று அதில் மாட்டுகிறது. ஒரு நொடிக்கு மூன்றேமுக்கால் மீட்டர் துணியைச் சுருட்டும் வேகம் அது. லுங்கியின் மொத்த நீளமே இரண்டு மீட்டர்தான். சுவிட்ச் எங்கே என்று கண் தேடுவதற்குள் லுங்கி முடிந்துவிடும். அடுத்து அதைக் கட்டியிருப்பவர். அரைக் குதிரைத்திறன் மோட்டார்தானே என்ற நினைப்பு இங்கே உதவாது.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இப்படியொரு விபத்து நடந்தது. இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவில் பட்டறையில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது தலைமுடி சிக்கி இறந்துபோனார். உலகின் பெரிய கல்வி நிறுவனங்களில் ஒன்று அது, பட்டறை வசதிக்குக் குறைவில்லை. முடி சிக்கிய நொடியில் பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லை.

சிக்குவது என்றால் என்ன என்பதை இந்தியச் சட்டம் ஓர் இடத்தில் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சிக்கக் கூடாது என்பதற்காக. நாம் சேலை கார்டு என்று சொல்லும் கம்பி வலை அதுதான். லேத்துக்கு அப்படியொரு கார்டு கிடையாது. கட்டை திறந்துதான் சுழல வேண்டும், இல்லாவிட்டால் கடைய முடியாது. ஆகவே கார்டை உடம்பில்தான் போட வேண்டும். பேன்ட், அரைக்கை சட்டை, அதன் மேல் கழுத்தை மூடிய ஏப்ரன், காலில் ஷூ. முடி நீளமென்றால் கொண்டை போட்டுத் தொப்பிக்குள். மோதிரம் சோப்புப் போட்டால்தான் கழலும் என்றால் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியதுதான். கோயில் கயிறு கழற்ற மனமில்லாதவர்கள் அன்றைக்கு லேத்தை விட்டுவிடலாம்.

மரக்கடைசல் லேத் ஏமாற்றும் இயந்திரம். வட்ட ரம்பத்தைப் பார்த்தால் குழந்தைக்குக்கூட பயம் வரும்; பல் தெரிகிறது. லேத்தில் கூர்மையான எதுவும் சுழல்வதில்லை. உளி நம் கையில் சும்மா நிற்கிறது, மரம்தான் சுற்றுகிறது. மரத்துக்கு யார் பயப்படுவார்கள்? இரும்பு லேத்தில் பல வருடம் நின்றவர்களுக்கும் இங்கே ஒரு வழுக்கல் உண்டு. இரும்பு லேத்தில் டூலை டூல் போஸ்டில் இறுக்கிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். மர லேத்தில் டூல் ரெஸ்ட் மேல் உளியைச் சாய்த்துக் கையால்தான் பிடிக்க வேண்டும். உளி மரத்தில் மாட்டிக்கொண்டால் அந்த உதை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். இரும்பு லேத் அனுபவம் தரும் தைரியம் அப்படியே இங்கே செல்லாது.

வேகம் என்று எல்லோரும் சொல்வது மோட்டார் சுற்றும் வேகத்தை. உடம்புக்கு ஆபத்து கட்டையின் விளிம்பு ஓடும் வேகத்தில் இருக்கிறது. அதே 1440 சுற்றில் 2 செ.மீ. பேனாக் கட்டையின் விளிம்பு மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில் போகிறது, நடக்கும் வேகம். 30 செ.மீ. கிண்ணக் கட்டையை அதே சுற்றில் மாட்டினால் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். மோட்டார் சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. பச்சை மரமாக இருந்தால் அந்தக் கட்டை ஐந்து, ஆறு கிலோ எடை. சுற்றை இரட்டிப்பாக்கினால் அதில் தேங்கும் ஆற்றல் நான்கு மடங்கு.

கடைசல்காரர்களிடையே பழக்கத்தில் உள்ள ஒரு வாய்ப்பாடு: கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று. அதுவும் வட்டமாகி, சமநிலைக்கு வந்துவிட்ட கட்டைக்கு. ரம்பத்தில் அறுத்த கையோடு, ஒரு பக்கம் பட்டையும் ஒரு பக்கம் கோணலுமாக மாட்டிய கட்டைக்கு இதையும்விடக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். லேத் நடுங்குகிறதா, நிறுத்து. நடுக்கத்தை வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்று சொல்பவரின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் செய்துகொள்ளும் லேத்துகளுக்கு வேகத்தைக் குறைக்கும் வழியே இருக்காது. பழைய மோட்டார் ஒன்றின் ஷாஃப்டில் நேராகக் கட்டையைப் பிடிக்கும் சக் ஒன்றை மாட்டி, ஓர் ஆங்கிள் சட்டத்தில் போல்ட் போட்டுவிட்டால் லேத் தயார் என்று சமூக ஊடகத்தில் ஏராளமான காணொளிகள். பேனாவுக்கும் பம்பரத்துக்கும் அது ஓடும். கிண்ணம் கடைய அது கருவியே அல்ல. குறைந்தபட்சம் நான்கு படி உள்ள புல்லியும் பெல்ட்டும், முடிந்தால் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாமல் பெரிய கட்டையை மாட்டக் கூடாது.

மோட்டார் வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் இரண்டு பேர் வேண்டும். கட்டையைச் சுற்றிக் கயிற்றை இழுப்பவர் ஒருவர், உளி பிடிப்பவர் ஒருவர். கட்டை முன்னும் பின்னுமாகத்தான் சுற்றும். ஒரு திசையில் சுற்றும்போது மட்டும் உளி வெட்டும். மெதுவான வேலை. ஆனால் உளி மாட்டினாலும் விரல் போனாலும் கயிறு இழுப்பவர் கையிலேயே தெரிந்துவிடும், இழுப்பதை நிறுத்திவிடுவார். கிளட்ச், பிரேக், எமர்ஜென்சி சுவிட்ச் எல்லாம் அந்த இரண்டாவது ஆள்தான். மோட்டார் வைத்தபோது நாம் கூலியை மிச்சப்படுத்தியதோடு அந்த ஆளின் கண்ணையும் மிச்சப்படுத்திவிட்டோம்.

அந்த வேலையை இப்போது சுவிட்ச்தான் செய்தாக வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, கரண்ட் கட். லேத் ஓடும்போது மின்சாரம் போகிறது; சாதாரண விளக்கு சுவிட்ச் போட்டிருப்பவர் அதை அணைக்க மறந்து, சக்கில் சாவியை மாட்டிக் கட்டையை இறுக்கிக்கொண்டிருக்கிறார். மின்சாரம் திரும்புகிறது. சாவி பறந்தால் சுவர், கை மாட்டினால் கை. இதற்குத் தீர்வு பம்புசெட் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெட்டிதான். பச்சை பட்டன், சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டர். மின்சாரம் போனால் அதன் காயில் விடுபட்டுவிடும். திரும்பி வந்தாலும் பச்சையை அமுக்காமல் மோட்டார் ஓடாது. வயல்களில் இந்த நல்ல குணத்தைக் கெடுக்கவே ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். நள்ளிரவில் வரும் மின்சாரத்துக்கு அவர்களுக்கு அது தேவை. லேத்துக்கு அந்த ஆட்டோ வேண்டாம். சிவப்பு பட்டன் கட்டை சுழலும் கோட்டைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில், முடிந்தால் முழங்காலால் தட்டக்கூடிய உயரத்தில் இருக்கட்டும்.

இனி மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தெருவோரத்தில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, வேம்பு என்று துண்டுகள் குவிந்து கிடக்கும். கடைசல் ஆர்வலருக்கு அது புதையல். புதையலுக்குள் பூதமும் உண்டு: ஆணி. டியூஷன் சென்டர், வாடகைக்கு வீடு, பைல்ஸ் வைத்தியம் என்று நம் தெரு மரங்களில் அடிக்கப்படாத தகடு இல்லை. மாநகராட்சி அவ்வப்போது ஆட்களை விட்டு ஆணியைப் பிடுங்கச் செய்கிறது. பிடுங்காமல் விட்டதை மரம் சில வருடங்களில் மூடிக்கொண்டுவிடும்; வெளியே தழும்பு மட்டும் தெரியும். சுழலும் கட்டையில் உளி அந்த ஆணியைச் சந்தித்தால் உளி முனையோ ஆணித் துண்டோ முகத்தை நோக்கி வரும்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கட்டை மேல் நகர்த்திப் பார்ப்பது முதல் சோதனை. ஆழத்தில் உள்ளதை அது பிடிக்காது, கையடக்க மெட்டல் டிடெக்டர் பிடிக்கும். அறுத்த முகத்தில் நீலமும் கறுப்பும் கலந்த கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் மை அது. இடித்த வீட்டு மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள்; ஆண்டாண்டாகக் காய்ந்த மரம் பிறகு திருகாது, வெடிக்காது. அதே ஆசையில் பழைய உத்தரம் வாங்கும் வீட்டுக் கடைசல்காரர் ஆணித் துளைகளை எண்ணிவிட்டு வாங்குவது நல்லது.

ஆணி இல்லாத மரத்திலும் வெடிப்பு இருக்கலாம். தட்டிப் பார்த்தால் நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும், வெடித்தது பொத்தென்று கேட்கும். வெடிப்பில் ஃபெவிக்விக் ஊற்றிவிட்டுக் கடைவது இளைஞர்களிடம் பரவியிருக்கும் தந்திரம். பார்வைக்கு அடைபடும், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரியத் துடிக்கும் கட்டையை அந்தச் சொட்டுப் பசை பிடித்துவைக்கும் என்று நம்ப முடியாது. அப்படிப்பட்ட கட்டையை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம்.

பிரிந்த கட்டை எந்தப் பக்கம் போகும் என்பது ஓரளவுக்கு முன்பே தெரிந்ததுதான். சுழற்சிக்கு நேர்க் கோட்டில், மேலும் கீழும் முன்னும் பின்னும். கடைபவர் வழக்கமாகக் குனிந்து நிற்கும் இடமும் அதே கோடுதான். அதனால் பட்டனை அமுக்கும்போது எப்போதும் அந்தக் கோட்டைவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு உளியோடு நெருங்கலாம். அதற்கும் முன்னால், மின்சாரம் இல்லாத நிலையில் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது. டூல் ரெஸ்டில் இடித்தால் அப்போதே தெரியும். கிண்ணமானாலும் வெளிப்பக்கம் கடையும்வரை, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை முட்டுக்கொடுத்தே வைத்திருப்பது.

கண்ணாடி மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் 1986இல் தொடங்கியது. கிண்ணம் கடையும்போது முழு முகத்தையும் மூடும் ஷீல்டு போடச் சொல்வது அவர்களின் பாதுகாப்பு அறிவுரைகளில் ஒன்று. இங்கே தொழிற்சாலை முகக் கவசத்துக்கு ஐ.எஸ். 8521 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. பாரிமுனையின் லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஷீல்டு சிராயையும் சிறு துண்டையும் தடுக்கும். முழுக் கிண்ணம் வந்தால் தடுக்காது. ஒதுங்கி நிற்பதற்குப் பதிலாக ஷீல்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உளி விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. தேய்ந்த அரத்தைச் சாணையில் தீட்டிக் கடைசல் உளியாக்குவது. அரத்தின் எஃகு கடினமானது, ஆனால் வளையாது, உடையும். தச்சு உளியின் மெல்லிய வால் பகுதியும் கடைசலின் உதைக்காகச் செய்யப்பட்டதல்ல. நல்ல எஃகில் நீண்ட பிடியோடு வரும் கடைசல் உளிகள் இரண்டு, மூன்று போதும். பிடிக்கும் முறையும் சிக்கலானதல்ல: உளி முதலில் ரெஸ்டைத் தொட வேண்டும், பிறகு அதன் சாய்வு முகம் மரத்தைத் தொட வேண்டும், கடைசியாகப் பிடியைத் தூக்கிக் கூரை இறக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மரம் உளியைப் பிடுங்கிக்கொள்ளும்.

மெருகேற்றும்போதுதான் விரல்கள் கட்டைக்கு மிக அருகில் போகின்றன. கையுறை போட்டால் பத்திரம் என்று தோன்றும். லேத்தில் அது நேர் எதிர். வெறும் விரல் பட்டால் தோல் வழித்துக்கொண்டு போகும், கையுறை பட்டால் கையையே இழுக்கும். வேஸ்ட் துணியால் பாலிஷ் தேய்ப்பதும் அப்படித்தான். டிஷ்யூ பேப்பர் வைத்துத் தேய்த்தால், சிக்கிய உடனே கிழிந்துவிடும். ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்காவில் பொம்மை கடைபவர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உருகும் நிறத்தைத் தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அரக்கு பரவுவதற்காகத்தான் ஓலை. ஆனால் அது கிழியும், விரலைச் சுற்றாது என்பதும் சேர்ந்தே கிடைத்த லாபம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் லேத்திலேயே அரக்கு நிறம் ஏறுபவைதான்.

தூசியால் ரத்தம் வராது என்பதால் அது கணக்கில் சேர்வதில்லை. இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலிக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்துக் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்களின் பரம்பரை பெரியது. 1960களில் அங்கே பணிபுரிந்த எஸ்மி ஹேட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மற்றபடி அபூர்வமான மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். 1968இல் அவரும் சகாக்களும் அதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் தினமும் சுவாசித்தவர்களின் கதை இது, ஞாயிறு மட்டும் கடைபவருக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஈட்டி மரத்தின் தூசியும் தேக்கின் தூசியும் சிலருக்குத் தோல் தடிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவர ஆண்டுகள் தேவையில்லை.

உளி சீவித் தள்ளும் சுருள் கனமானது, கீழே விழுந்துவிடும். கேடு உப்புத்தாள் போடும்போது எழும் மாவு. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன எஃப்.எஃப்.பி.2 மாஸ்க், ஐ.எஸ். 9473 முத்திரையோடு வாங்கினால் தடுக்கும். டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வைத்து வாசலை நோக்கி ஓட்டினால் பாதித் தூசி வீட்டுக்குள் வராமல் போகும். வாசலுக்கு எதிரில் அடுத்த வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் எண்ணெய் பூசிய டிஷ்யூ. ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றதல்ல; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளிவிட்டபடி இறுகுகிறது. கசக்கிக் குவித்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட எண்ணெய்த் துணிகளால் பற்றி எரிந்து, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். மே மாதத்துத் தகரக் கொட்டகையில், மரச் சீவலுக்கு நடுவில் அப்படியொரு உருண்டையைப் போட்டுவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போகக் கூடாது. விரித்து வெளியே காயப்போடலாம், அல்லது வாளித் தண்ணீரில் போட்டுவைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடக்கலாம் என்பதால், வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில்தான் லேத்தை ஓட்ட வேண்டும். அந்த இன்னொருவருக்குச் சிவப்பு பட்டன் எங்கே என்று காட்டியிருக்க வேண்டும். கண்ணில் சிராய் குத்தி நின்றால் பிடுங்கவோ தேய்க்கவோ கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து, அழுத்தாமல் ஒட்டி, கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழும்பூரின் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. விரல் துண்டானால் 108ஐ அழைத்துவிட்டு, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்திக்கொள்ள வேண்டும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் விரலில் நேராகப் படக் கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும். வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர்.வெங்கடசுவாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறை, இயந்திரத்தில் கை கொடுத்தவர்களைப் பல தலைமுறையாகப் பார்த்துவருகிறது. ஆம்புலன்ஸில் ஏறும்போதே மருத்துவமனையின் பெயரைச் சொல்லிவிடலாம்.